தட்டில் எலும்பு இருந்தால் யார் பொறுப்பு? உணவு வழக்குகள் நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்

காபி கொட்டியதற்காக அமெரிக்கப் பெண் ஒருவருக்கு லட்சக்கணக்கான டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஜப்பானிலோ உணவால் உயிரே போனாலும் நீதிமன்றம் செல்பவர்கள் அரிது. ஆகவே வழக்காடும் குணம் சில மக்களின் பண்பாட்டில் ஊறியது, வேறு சில மக்களிடம் அது இல்லை என்று சொல்லலாமா என்பதே கேள்வி. பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். நான் அப்படி நம்பவில்லை. இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, உண்பவர் தம் தட்டில் எதை எதிர்பார்த்து உட்காருகிறார் என்பது. இன்னொன்று, தீங்கு நேர்ந்த பிறகு அவர் வழக்குரைஞரைத் தேடிப் போவதா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்கிறார் என்பது. முதலாவதில் பண்பாட்டுக்கு உண்மையாகவே பெரிய பங்கு உண்டு. இரண்டாவதை மருத்துவச் செலவும் வழக்குச் செலவும் நீதிமன்ற அமைப்பும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் ஒரு நாட்டவரைப் பேராசைக்காரர்கள் என்றும் இன்னொரு நாட்டவரைப் பொறுமைசாலிகள் என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

காபி வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். அவ்வளவு தவறாகச் சொல்லப்பட்ட உணவு வழக்கு வேறு இல்லை. 1992 பிப்ரவரியில், நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது மூதாட்டி மெக்டொனால்ட்ஸ் கடையில் 49 சென்ட்டுக்கு ஒரு காபி வாங்கினார். காரை ஓட்டியவர் அவருடைய பேரன். நிறுத்தியிருந்த காரில், கோப்பையை முழங்கால்களுக்கு இடையே வைத்து மூடியைத் திறந்தபோது காபி மடியில் கொட்டியது. உடலின் 6 விழுக்காட்டுத் தோல் மூன்றாம் நிலைத் தீப்புண்ணுக்கு உள்ளாகி, தோல் ஒட்டுச் சிகிச்சையும் தேவைப்பட்டது. அவர் முதலில் கேட்டது ஏறக்குறைய 20,000 டாலர்; அது சிகிச்சைச் செலவையும் அதனால் நேர்ந்த பிற இழப்புகளையும் ஈடுகட்டுவதற்காகக் கேட்ட தொகை. நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். அதன் பிறகுதான் வழக்கு வந்தது. காபி 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் விற்கப்பட்டதும், அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட தீப்புண் புகார்கள் நிறுவனத்துக்கு வந்திருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. 1994-இல் ஜூரி என்னும் குடிமக்கள் குழு 2 லட்சம் டாலர் இழப்பீடு விதித்து, மூதாட்டியின் பொறுப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு அதை 1,60,000 ஆகக் குறைத்தது. நிறுவனத்தைத் தண்டிக்கும் வகையில் மேலும் 27 லட்சம் டாலர் விதித்தது. அந்தத் தண்டனைத் தொகையை நீதிபதி 4,80,000 ஆகக் குறைத்தார். பிறகு இரு தரப்பும் வெளியிடப்படாத ஒரு தொகைக்கு உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டன. உலகம் நினைவில் வைத்திருப்பதோ அந்த 27 லட்சத்தை மட்டும்தான்.

இதே நிறுவனத்தின் மீது, இதே கேள்வியோடு, இங்கிலாந்தில் 36 பேர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் பலர் விபத்து நடந்தபோது சிறு குழந்தைகள். 2002-இல் லண்டன் உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தேநீரும் காபியும் சூடாக இருக்கும் என்பதை மக்கள் பொதுவாக அறிவார்கள், சூடாக இருக்க வேண்டும் என்றே விரும்புகிறார்கள், ஆகவே அந்தச் சூட்டில் விற்பதைக் குறையுள்ள பொருளை விற்பதாகக் கருத முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஆங்கிலேயருக்குத் தேநீர்ப் பழக்கம் இருப்பதால் இப்படித் தீர்ப்பு வந்தது என்று சொல்லத் தோன்றும். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று கண்ணுக்கு எதிரே இருக்கிறது. நியூ மெக்ஸிகோவில் முடிவு செய்தவர்கள் தீப்புண்ணின் படங்களைப் பார்த்த சாதாரணக் குடிமக்கள். லண்டனில் முடிவு செய்தவர் தனி நீதிபதி ஒருவர். இங்கிலாந்தில் உரிமையியல் வழக்குகளில் ஜூரி முறை ஏறக்குறைய மறைந்துவிட்டது; அமெரிக்காவில் அந்த உரிமை அரசமைப்பின் ஏழாம் திருத்தத்திலும் மாநிலங்களின் அரசமைப்புகளிலும் வேரூன்றியிருக்கிறது.

பண்பாடு நீதிமன்றத்துக்குள் நேரடியாக நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் எலும்பு வழக்குகளைப் படிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உணவுத் தீர்ப்பு 1964-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வழங்கியது. பாஸ்டன் துறைமுகத்தில், கடலைப் பார்த்தபடி அமைந்த பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் இருந்த உணவகத்தில், ஒரு பெண் மீன் சௌடர் என்னும் கெட்டியான மீன் சூப்பை உண்டபோது தொண்டையில் முள் சிக்கியது. மருத்துவமனையில் இருமுறை உணவுக்குழாய்க்குள் கருவி செலுத்தித்தான் அதை எடுக்க முடிந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பழைய சமையல் நூல்களை எல்லாம் புரட்டி, சௌடரின் வரலாற்றையும் செய்முறைகளையும் விரிவாக எடுத்துரைத்து, பெரிய மீன் துண்டுகளைப் போட்டுச் செய்வதுதான் அந்த உணவின் இயல்பு என்றும், எந்தச் செய்முறையும் முள்ளை முற்றிலும் நீக்கச் சொல்லவில்லை என்றும் காட்டினார். அந்தப் பெண் நியூ இங்கிலாந்துப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதையும் தீர்ப்பு குறிப்பிடத் தவறவில்லை. அந்த மண்ணில் வளர்ந்தவர் சௌடரில் முள் வரக்கூடும் என்று அறிந்திருக்க வேண்டும் என்ற அடிப்படையில் வழக்கு தோற்றது. ஒரு வட்டாரத்தின் சமையல் மரபு அங்கே சட்ட அளவுகோலாகவே ஆகிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: கடலையே பார்த்திராத ஊரிலிருந்து அன்று பாஸ்டனுக்கு வந்திறங்கிய ஒருவர் அதே சூப்பை உண்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? அந்தத் தீர்ப்பில் இதற்கு விடை இல்லை.

கலிபோர்னியா வேறொரு வழியில் சென்றது. 1936-இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், கோழி இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்னும் பண்டத்தில் எலும்பு இருந்தால் உணவகம் பொறுப்பல்ல என்றது. எலும்பு கோழிக்கு இயற்கையானது, கண்ணாடித் துண்டு போலவோ ஆணி போலவோ அது வெளியிலிருந்து வந்ததல்ல என்பது வாதம். ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1992-இல், என்சிலாடா என்னும் மெக்ஸிகோ உணவில் இருந்த கோழி எலும்பைப் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் அந்த விதியைச் சற்றுத் தளர்த்தியது. இயற்கையான பொருளாக இருந்தாலும் சமைத்தவர் போதிய கவனம் எடுத்தாரா என்று கேட்கலாம் என்றது. வேறு பல மாநிலங்கள், உண்பவர் நியாயமாக எதை எதிர்பார்த்திருப்பார் என்ற ஒற்றைக் கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொண்டன.

அந்தக் கேள்வி எவ்வளவு வழுக்கலானது என்பதை 2024 ஜூலையில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் காட்டியது. எலும்பில்லாத கோழிச் சிறகு என்ற பெயரில் உணவகங்கள் விற்கும் பண்டத்தை உண்ட ஒருவரின் உணவுக்குழாயை அதிலிருந்த எலும்பு கிழித்துவிட்டது. நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அவர் தோற்றார். எலும்பில்லாதது என்பது சமைக்கும் பாணியைக் குறிக்கும் பெயர்தான், எலும்பே இராது என்ற உறுதிமொழி அல்ல என்று பெரும்பான்மையினர் கருதினர். அச்சொல்லைப் படிக்கும் எவரும் எலும்பு இராது என்றுதானே நினைப்பார்கள், இதை ஜூரியிடம் விடாமல் நீதிபதிகளே முடிவு செய்வது ஏன் என்று மாற்றுக் கருத்துரைத்தவர்கள் கேட்டனர். என் மனம் மாற்றுக் கருத்தின் பக்கமே சாய்கிறது. ஒரே மாநிலத்தில் வாழும், ஒரே வகை உணவகத்தில் உண்ணும் ஏழு நீதிபதிகளே ஒரு சொல்லின் பொருளில் இப்படிப் பிரிந்து நிற்கும்போது, அமெரிக்கப் பண்பாடு என்று ஒன்றை வகுத்து அதிலிருந்து தீர்ப்பைக் கணிக்க முடியுமென்று எப்படி நம்புவது?

ஜெர்மனியிலும் இதே வகை வழக்கு ஒன்று உண்டு. செர்ரிப் பழங்களை நிரப்பிச் சுட்ட ஒரு பண்டத்தைக் கடித்தவரின் கோரைப்பல் அதிலிருந்த கொட்டையால் உடைந்தது. 2009-இல் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், பழம் இயற்கைப் பொருள், அதில் ஒரு கொட்டைகூட இராது என்று உண்பவர் எதிர்பார்க்க முடியாது, கொட்டையால் உயிருக்கு ஆபத்து வந்துவிடுவதும் இல்லை என்று கூறி பேக்கரியை விடுவித்தது. பாஸ்டனின் முள்ளுக்கும் ஜெர்மனியின் கொட்டைக்கும் தொலைவு மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

இனி ஜப்பானுக்கு வருகிறேன். கொன்யாக்கு என்னும் கிழங்கு மாவில் செய்து சிறு கிண்ணங்களில் அடைத்து விற்கும் ஜெல்லி, ஒரே பண்டம் மூன்று நிலப்பரப்புகளில் மூன்று விதமாக நடத்தப்பட்டதற்குத் தெளிவான சான்று. வாயில் கரையாமல் அப்படியே உறுதியாக இருப்பதால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது தொண்டையை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-இல் அதைப் பற்றி எச்சரித்தது. கலிபோர்னியாவில் குழந்தைகளை இழந்த பெற்றோருக்குத் தைவான் உற்பத்தியாளர் கோடி டாலரைத் தாண்டிய தொகைகளைத் தர வேண்டும் என்று தீர்ப்புகள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தடை விதித்தது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் வழக்காட வேண்டிய தேவையே எழவில்லை. ஜப்பானில் 2008-இல் ஒரு வயது ஒன்பது மாதக் குழந்தை அந்த ஜெல்லி தொண்டையில் அடைத்ததால் இறந்தபோது பெற்றோர் வழக்குத் தொடுக்கத்தான் செய்தார்கள். 2010-இல் கோபே மாவட்ட நீதிமன்றத்தின் ஹிமேஜி கிளை அதைத் தள்ளுபடி செய்தது. 2012-இல் ஒசாகா உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. அந்த ஜெல்லியின் தன்மையை வாங்குபவர் அறிவார், உறையில் எச்சரிக்கையும் இருக்கிறது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இத்தீர்ப்பைப் புரிந்துகொள்ள மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தை நினைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தாண்டிலும் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள், சிலர் இறக்கிறார்கள். சிறு துண்டுகளாக வெட்டி, நன்கு மென்று உண்ணுங்கள் என்று டோக்கியோ தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறது. 2010-இல் ஜப்பானின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உண்ணும் அளவோடு ஒப்பிட்டு அடைப்பு ஆபத்தைக் கணக்கிட்டபோது, மோச்சியே மிக ஆபத்தானது, கொன்யாக்கு ஜெல்லியின் ஆபத்து மிட்டாய்க்கு ஏறக்குறைய இணையானது என்று கண்டது. தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் மோச்சியைத் தடை செய்ய வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை, அதைச் செய்தவர் மீது வழக்குப் போடவும் எவருக்கும் தோன்றுவதில்லை. பழகிய உணவின் ஆபத்தை மக்கள் தம் பொறுப்பாக ஏற்கிறார்கள். பழகாத உணவின் ஆபத்தை விற்றவரின் பொறுப்பாகப் பார்க்கிறார்கள். உணவுப் பண்பாடு சட்டத்தைத் தொடுவது இந்த இடத்தில்தான். இது ஜப்பானுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. பாஸ்டன் சௌடர் வழக்கிலும் நடந்தது இதுதான்.

ஆனால் ஜப்பானியர் இயல்பாகவே வழக்கை வெறுப்பவர்கள் என்பது வேறு கூற்று. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 1967-இல் சட்டச் சமூகவியலாளர் கவாஷிமா தக்கேயோஷி, ஜப்பானியரின் சட்ட உணர்வு இணக்கத்தை நாடுவது, உரிமைகளை வரையறுத்துப் போராடுவதை விரும்பாதது என்று எழுதினார். அக்கருத்து உலகெங்கும் பரவியது. 1978-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் ஹேலி அதை மறுத்து எழுதினார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜப்பானில் மக்கள்தொகை விகிதப்படி வழக்குகள் அதிகமாக இருந்தன. பிற்காலத்தில் குறைந்ததற்குக் காரணம் நீதிபதிகளும் வழக்குரைஞர்களும் போதாமல் இருந்ததும், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததும்தான் என்றார் அவர். 1960-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1990 வரை வழக்குரைஞர் தேர்வில் ஆண்டுக்கு 500 பேர் அளவிலேயே தேர்ச்சி பெற்றார்கள். தேர்ச்சி விகிதம் ஏறக்குறைய இரண்டு விழுக்காடு. இன்றும் சுமார் 12 கோடி மக்களுக்கு 50,000-க்கும் குறைவான வழக்குரைஞர்களே இருக்கிறார்கள். அமெரிக்காவில் 13 லட்சம் பேர். பத்திரங்கள் எழுதுவோர், வரிக் கணக்கர் முதலிய வேறு தொழிலினர் ஜப்பானில் செய்யும் பணிகளில் பல அமெரிக்காவில் வழக்குரைஞர் கணக்கில் சேரும் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் இடைவெளி மிகப் பெரியது. கேட்கும் இழப்பீடு உயர உயர நீதிமன்றத்தில் ஒட்ட வேண்டிய முத்திரைக் கட்டணமும் உயரும். உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1995 ஜூலையில்தான்; அதுவரை உற்பத்தியாளரின் கவனக்குறைவைப் பாதிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டியிருந்தது.

வழக்குத் தொடுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1968-இல் மேற்கு ஜப்பானில், தவிட்டெண்ணெயில் பிசிபி என்னும் நச்சு இரசாயனம் கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். கானெமி எண்ணெய் வழக்கு என்று அது அறியப்படுகிறது. 1980-களில் அரசும் பொறுப்பு என்று தீர்ப்புகள் வந்து, பாதிக்கப்பட்டவர்கள் இடைக்கால இழப்பீடு பெற்றார்கள். 1986-இல் மேல்முறையீட்டில் அரசின் பொறுப்பு மறுக்கப்பட்டது. மறு ஆண்டு அரசுக்கு எதிரான வழக்கை அவர்கள் திரும்பப் பெற வேண்டி வந்தது. சிகிச்சைக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் முன்பே செலவழித்துவிட்ட பணத்தைத் திருப்பித் தருமாறு பிறகு அரசு அவர்களிடம் கேட்டது. பெரும்பாலானோருக்கு அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும் சட்டம் வர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைக் கண்ட தலைமுறை நீதிமன்றத்தைக் கண்டு தயங்கினால், அதை இணக்கம் விரும்பும் பண்பாடு என்று பெயரிட்டுப் புகழ்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஜப்பானில் உணவுத் தீங்கு தண்டிக்கப்படாமல் போகிறது என்றும் எண்ண வேண்டாம். தண்டனை வேறு வாசல் வழியாக வருகிறது. 1975-இல் கபுகி என்னும் மரபு நாடகத்தின் புகழ்பெற்ற நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ, கியோட்டோவில் நச்சுள்ள ஃபுகு மீனின் ஈரலை விரும்பி உண்டு இறந்தார். சமைத்தவர் மீது குற்றவியல் வழக்கு தொடரப்பட்டது. தொழிலில் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை 1980-இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2011-இல் பச்சை மாட்டிறைச்சி உண்டு ஐவர் இறந்தபோது அரசு பச்சை இறைச்சிக்கான விதிகளைக் கடுமையாக்கி, 2012 ஜூலையில் பச்சை மாட்டு ஈரல் விற்பனையையே தடை செய்தது. ஒரு சமூகம் தீங்கைத் தடுக்கும் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்கிறதா, தனிமனிதரின் வழக்கிடம் ஒப்படைக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியமான வேறுபாடு.

பணத்தைப் பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் காயம் பட்டவர் வழக்குரைஞருக்கு முன்பணம் தர வேண்டியதில்லை. வென்றால் கிடைப்பதில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, அவருக்குப் போகும். தோற்றாலும் எதிர்த்தரப்பின் வழக்குரைஞர் கட்டணத்தைப் பொதுவாகத் தர வேண்டியதில்லை. மறுபக்கம், மருத்துவமனைச் செலவு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடியது. இங்கிலாந்தில் தீப்புண்ணுடன் வருபவருக்குத் தேசிய சுகாதார சேவை கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கிறது. ஆகவே சிகிச்சைக் கடனை அடைக்கவே வழக்குப் போட வேண்டிய நெருக்கடி அங்கே இல்லை. வென்றவரின் செலவைத் தோற்றவர் ஏற்பது அங்கே நெடுங்காலப் பொது விதி. காயம் பட்டவர்களுக்கு 2013-இல்தான் அதிலிருந்து பெருமளவு பாதுகாப்பு கிடைத்தது. ஆல்புகர்க்கி மூதாட்டி இங்கிலாந்தில் இருந்திருந்தால், குணத்தில் எள்ளளவும் மாறாமலேயே, நீதிமன்றத்தை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கக்கூடும்.

ஜெர்மனி இந்தப் பட்டியலில் எல்லோரையும் வியக்க வைக்கும் நாடு. அங்கேயும் தோற்றவரே செலவை ஏற்க வேண்டும். வழக்குரைஞர் வெற்றியில் பங்கு பெறுவது 2008 வரை முற்றிலும் தடை செய்யப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் ஜெர்மானியர் தயங்காமல் நீதிமன்றம் செல்பவர்கள். காரணம், வழக்குரைஞர் கட்டணம் சட்டத்தில் அட்டவணையாக வகுக்கப்பட்டிருப்பதால் செலவை முன்கூட்டியே கணக்கிட முடியும். கணிசமான குடும்பங்கள் வழக்குச் செலவுக் காப்பீடும் எடுத்து வைத்திருக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் ஒரு நீதிபதியே, பல ஆண்டுகள் கோலாவும் சாக்லேட்டும் உட்கொண்டதால் நீரிழிவு வந்தது என்று உற்பத்தியாளர்கள் மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். நாள்தோறும் 400 கிராம் அதிமதுர மிட்டாய் தின்று உடல்நலம் கெட்ட ஒரு பெண்ணின் வழக்கை 2004-இல் பான் நகர நீதிமன்றம் தள்ளியது. ஏறக்குறைய அதே காலத்தில், உடல் பருமனுக்கு மெக்டொனால்ட்ஸ் பொறுப்பு என்று நியூயார்க்கில் தொடுக்கப்பட்ட வழக்கு உலகச் செய்தியானது. அமெரிக்க மாநிலங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை அத்தகைய வழக்குகளைத் தடுக்கச் சட்டமே இயற்றின. ஜெர்மானிய வழக்குகளை வைத்து எவரும் ஜெர்மானியரின் குணத்தை ஆராயவில்லை.

பண்பாட்டு விளக்கத்தைச் சீனா இன்னும் வலுவாக அசைக்கிறது. வழக்கே இல்லாத நிலையை இலட்சியமாகப் போற்றிய கன்பூசிய மரபுக்கு அங்கே ஈராயிரம் ஆண்டு வயது. ஆனால் 2009-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், தரமற்ற உணவை அறிந்தே விற்றவர் அதன் விலையைப் போல் பத்து மடங்கு தர வேண்டும் என்றது. 2015-இன் திருத்தம் குறைந்தது 1,000 யுவான் என்று கூட்டியது. உடனே, குறையுள்ள பண்டங்களைத் தேடித் தேடி வாங்கி வழக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெருகினர். தெரிந்தே வாங்கியிருந்தாலும் உணவு வழக்கில் இழப்பீடு உண்டு என்று 2014-இல் உச்ச மக்கள் நீதிமன்றம் விளக்கம் தந்தது. அது மிகுதியாகவே, நியாயமான வாழ்க்கைத் தேவைக்கு வாங்கும் அளவுக்குத்தான் அந்தத் தண்டனைத் தொகை என்று 2024-இல் எல்லை வகுத்தது. ஒரு சட்டப் பிரிவு சில ஆண்டுகளில் செய்து காட்டியதை ஈராயிரம் ஆண்டு மரபால் தடுக்க முடியவில்லை.

உணவின் மீதான பற்று காயத்தைப் பற்றிய வழக்காக மட்டுமே வெளிப்படும் என்று நினைப்பதும் குறுகிய பார்வை. ஐரோப்பாவில் மக்கள் மிகத் தீவிரமாக வழக்காடியது உணவின் பெயருக்காக. ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கப் பாலாடைக்கட்டிக்கே உரியது என்ற தீர்ப்பு 2005-இல் வந்தது. ஜெர்மனியும் டென்மார்க்கும் அதை எதிர்த்து நின்றன. பியரில் எவை சேரலாம் என்று வகுத்த 1516-இன் தூய்மைக் கட்டளை வழியில் வந்த விதிகளைக் காட்டி அயல்நாட்டு பியரைத் தடுக்க முடியாது என்று 1987-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனிக்குச் சொன்னது. அங்கே வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்றவை பெரும்பாலும் அரசுகளும் உற்பத்தியாளர் சங்கங்களும்.

வழக்குரைஞர்கள் மீது பலருக்கு இருக்கும் வெறுப்பைப் பற்றியும் பேச வேண்டும். அமெரிக்காவில் 1977-இல் உச்ச நீதிமன்றம் வழக்குரைஞர்கள் விளம்பரம் செய்ய அனுமதித்த பிறகு, சாலையோரப் பலகைகளிலும் தொலைக்காட்சியிலும் அவர்களின் முகங்கள் நிறைந்தன. விபத்தைத் தேடி அலைபவர்கள் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. அந்த எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் அடி நீளம் என்று விற்ற சாண்ட்விச் சற்றுக் குட்டையாக இருந்ததாகத் தொடுத்த வழக்கில், வழக்குரைஞர்களுக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கட்டணமும் வாடிக்கையாளருக்கு ஒன்றுமில்லாமையுமாக ஓர் உடன்பாடு எட்டப்பட்டது; 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து ரத்து செய்தது.

ஆயினும் உண்பவரைக் காக்கும் சட்டத்தின் அடித்தளமே கட்டணம் வாங்காத வழக்குரைஞர்களால் போடப்பட்டது. 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், மே டோனகியூ என்ற ஏழைப் பெண், தோழி வாங்கித் தந்த இஞ்சிப் பானத்தைக் குடித்தபோது, உள்ளிருப்பது தெரியாத கறுத்த புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாகக் கூறினார். பானத்தை வாங்கியவர் அவர் அல்லாததால் கடைக்காரருடன் அவருக்கு ஒப்பந்தம் இல்லை. அவருடைய வழக்குரைஞர் வால்டர் லீச்மன், புட்டியில் எலி கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் அப்போதுதான் தோற்றிருந்தார். அந்தத் தோல்விக்கு மூன்று வாரங்கள்கூட ஆகும் முன் இந்த வழக்கைத் தொடுத்தார். தம் உடைமை எல்லாம் சேர்த்தாலும் ஐந்து பவுண்டு தேறாது என்று அந்தப் பெண் சத்தியக் கூற்று அளித்தபின், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அவரைச் செலவின்றி வழக்காட அனுமதித்தது. 1932 மே மாதம் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அவர் வென்றார். தன் பண்டத்தை இறுதியில் உண்ணப் போகும் முகமறியா மனிதருக்கு உற்பத்தியாளர் கடமைப்பட்டவர் என்ற கொள்கை, ஆங்கிலேயச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் அந்தத் தீர்ப்பால்தான் நிலைபெற்றது.

ஜப்பானிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. 1955 கோடையில் மொரினாகா நிறுவனத்தின் பால்மாவில் ஆர்செனிக் கலந்து 12,000-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஏறக்குறைய 130 பேர் இறந்தனர். அரசு அமைத்த குழு, இறந்த குழந்தைக்கு 2,50,000 யென், உயிர் பிழைத்ததற்கு 10,000 யென் என்று வகுத்து, பின்விளைவுகள் பெரிதாக இல்லை என்று சொல்லி, பெற்றோரை வீட்டுக்கு அனுப்பியது. பதினான்கு ஆண்டுகள் அவர்கள் வாய்மூடி இருந்ததை வெளியார் பொறுமை என்று பார்த்திருப்பார்கள். 1969-இல் ஒசாகா பல்கலைக்கழகப் பேராசிரியர் மருயாமா ஹிரோஷியின் குழு வீடு வீடாகச் சென்று, அந்தக் குழந்தைகள் மூளைப் பாதிப்போடும் ஊனத்தோடும் வளர்ந்திருப்பதை வெளிக்கொணர்ந்தது. 1973-இல் வழக்கு தொடுக்கப்பட்டது. வழக்குரைஞர் குழுவுக்குத் தலைமை தாங்கிய நகாபோ கோஹெய் பிற்காலத்தில் ஜப்பானிய வழக்குரைஞர் கூட்டமைப்பின் தலைவரானார். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனமும் அரசும் பெற்றோர் அமைப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பெற்றோர் ஒரே தடவையில் தரும் பெருந்தொகையைக் கேட்கவில்லை; தாம் இறந்த பிறகும் பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பைக் கேட்டார்கள். 1974 ஏப்ரலில் ஹிக்காரி அறக்கட்டளை தொடங்கப்பட்டது. வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் குழந்தைகள் இன்று எழுபது வயதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுக்கான செலவை நிறுவனம் ஏற்க, அறக்கட்டளை இன்றும் அவர்களைக் கவனித்து வருகிறது.